29 கிலோ எடையுள்ள மகளை ஜிப்லைனுக்கு அழைத்துச் செல்லலாமா?

வெள்ளவத்தை அம்மா:

வணக்கம். ஏப்ரல் விடுமுறையில் கித்துல்கலவுக்குப் போகலாம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பதினொரு வயது, எடை 29 கிலோ. வகுப்புத் தோழி ஒருத்தி மழைக்காட்டின் மேலே கம்பியில் தொங்கிச் சறுக்கிய கதையைச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவளுக்குப் பயம் இல்லை. எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஓர் இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, "எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. எடை குறைந்த பிள்ளையுடன் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை:

தங்கச்சி, கடந்த பெப்ரவரியில் என் மகனுடன் போனேன். அவன் எடை 31 கிலோ. ஆகவே உங்கள் கேள்வி என் கேள்வியும்தான்.

நாங்கள் போன இடத்தில் நான்கு கம்பிகள். இரண்டு வழிகாட்டிகள் வந்தார்கள். ஒருவர் முன்னால் சறுக்கிப்போய் அடுத்த மேடையில் நிற்பார், மற்றவர் கடைசியாக வருவார். முதல் இரண்டு கம்பிகளில் மகன் சிரித்துக்கொண்டே போனான். மூன்றாவதில் எதிர்க்காற்று. மேடைக்குப் பத்துப் பன்னிரண்டு மீற்றர் இருக்கும்போது வேகம் குறைந்து நின்றான். பிறகு மெதுவாகப் பின்னோக்கி உருண்டு, கம்பி தாழ்ந்திருந்த இடத்தில் தொங்கினான். கீழே முப்பது மீற்றர் காடு. "அம்மா" என்று ஒரு முறைதான் கூப்பிட்டான். என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

முன்னால் போன வழிகாட்டி பதறவில்லை. தன் கப்பியைக் கம்பியில் மாட்டி, கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டு அவனிடம் போய், அவனைத் தன் இடுப்புப் பட்டியுடன் இணைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கம்பி தன் பாரத்தால் நடுவில் தொய்ந்திருக்கும். கடைசிப் பகுதி சற்று ஏற்றம். பாரம் குறைந்தவர்களைக் காற்று எளிதில் தடுத்துவிடும், அந்த ஏற்றத்தைக் கடக்கப் போதிய வேகம் இருக்காது. இதை அவர் எனக்கு விளக்கியது எல்லாம் முடிந்த பிறகு. முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பதில் இன்றுவரை எனக்கு மனக்குறை உண்டு.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: குறைந்தபட்ச எடை எவ்வளவு? அடுத்தது: எடை குறைந்த பிள்ளையை வழிகாட்டியுடன் சேர்த்து அனுப்புவீர்களா? நான்காவது கம்பியில் என் மகனை அப்படித்தான் அனுப்பினார்கள். மகளுக்கு ஒன்றைப் பழக்குங்கள்: கை ஒருபோதும் கப்பிக்கு முன்னால் கம்பியைத் தொடக்கூடாது. நீண்ட கூந்தல் என்றால் ஒற்றைப் பின்னலாக்கிச் சட்டைக்குள் விடுங்கள். கப்பியில் சிக்கினால் பெரிய ஆபத்து.

ஆனாலும் கூட்டிப் போங்கள் என்றுதான் சொல்வேன். மேடையில் காத்திருந்தபோது ஹொர மரத்தின் காய்கள் இரண்டு சிறகுகளுடன் சுழன்று சுழன்று எங்களுக்குக் கீழே இறங்கின. இலங்கையில் மட்டுமே வாழும் கெஹிபெல்லா என்ற பறவை, நீல உடலும் செவ்வலகுமாகக் கண் மட்டத்தில் பறந்துபோனது. நிலத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அந்தக் காடு தெரிவதே இல்லை. கோஸ்டாரிகாவில் 1970களில் ஆய்வாளர்கள் கயிறு கட்டி மர உச்சிக்கு ஏறியது இதைப் பார்க்கத்தான். இருபது வருடமாக மழைக்காட்டின் அடுக்குகளைக் கரும்பலகையில் வரைந்து படிப்பித்தவள் நான். அன்றுதான் மேல் அடுக்கைப் பார்த்தேன்.

துறைமுக ஊழியர்:

அக்கா சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன். கொழும்புத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் கம்பி வடங்களைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. வடம் நடுவில் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் முனையைப் பார்ப்பேன். மரத்தில் கட்டியிருக்கும் இடத்தில் துரு, அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள், தளர்ந்த பிடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மரம் ஆண்டுதோறும் பருக்கும், ஆகவே பட்டைக்கும் வடத்துக்கும் இடையே மரக்கட்டைகள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் போகும் அன்று காலை பரிசோதித்த பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் அதைக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மேடை. சறுக்கும்போது எல்லோரும் கவனமாக இருப்பார்கள்; ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு மாற்றும் அந்த அரை நிமிடத்தில்தான் கவனம் பிசகும். இரண்டாவது கொளுக்கியை மாட்டிப் பூட்டிய பிறகே முதலாவதைக் கழற்ற வேண்டும். பிள்ளை ஒரு கணமும் இணைப்பு இல்லாமல் மேடையில் நிற்கக்கூடாது. முதல் மேடையிலேயே இதில் தவறினால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள்.

அவிசாவளை வாசி:

ஏப்ரலில் எங்கள் பக்கம் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மேல் இடியுடன் மழை வரும். மின்னல் நேரத்தில் உருக்குக் கம்பியில் தொங்க யாரும் விடக்கூடாது. காலை முதல் சுற்றுக்கே பதிவு செய்யுங்கள். கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாகப் போகும் ஹட்டன் பஸ் கித்துல்கலவில் நிற்கும், விடியமுன் ஏறுங்கள். அட்டைகள் உண்டு. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட்டு, காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. செருப்பு வேண்டாம், சப்பாத்து போடுங்கள்.

வெள்ளவத்தை அம்மா:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, உங்கள் மகன் ஒரு முறை கூப்பிட்ட இடத்தை வாசித்தபோது என் கண் கலங்கிவிட்டது. இன்று வேறோர் இடத்துக்கு அழைத்து எடையைச் சொன்னேன். 35 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளை வழிகாட்டியுடன் இணைத்தே அனுப்புவோம் என்று நான் கேட்காமலே சொன்னார்கள். பதிவேட்டைக் கேட்டேன், வந்து பார்க்கலாம் என்றார்கள். காலை எட்டரை மணிச் சுற்றில் இரண்டு இடம் பதிவு செய்துவிட்டேன். மகள் இரட்டைப் பின்னலை அவிழ்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் ஒற்றைப் பின்னல் போட்டுப் பார்க்கிறாள்.