ஜெல் மருந்து செய்யும் சின்ன கம்பெனி: ஸ்டார்ஃபார்மா பங்கில் இப்போது பணம் போடலாமா?

டான்டினாங் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். மெல்பர்னில் ஐடி வேலை. ஏஎஸ்எக்ஸில், அதாவது ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில், இதுவரை வங்கிப் பங்குகள், ஒரு இடிஎஃப், அவ்வளவுதான். கூட வேலை பார்க்கும் நண்பர் கொஞ்ச நாளாக ஸ்டார்ஃபார்மாவை வாங்கு வாங்கு என்கிறார். அபட்ஸ்ஃபோர்டில் இருக்கிற கம்பெனி, விவாஜெல் என்று பெண்களுக்கான ஒரு ஜெல் வைத்திருக்கிறார்கள், அதே வேதிப்பொருளை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் ஆக்கினார்கள். 2021-இல் 2 டாலரைத் தாண்டிய பங்கு 2024-இல் 20 சென்டுக்கும் கீழே வந்துவிட்டது.

நண்பர் சொல்வது இதுதான்: மருந்துக்கு ஐரோப்பாவிலும் இங்கேயும் ஒப்புதல் இருக்கிறது, கடையில் விற்கிறது, அமெரிக்கா மட்டும் ஒத்துக்கொண்டால் பல மடங்கு ஏறும். எனக்கு இடிப்பது, ஒப்புதல் வாங்கிய மருந்து கையில் இருந்தும் சந்தை ஏன் இதை இப்படி ஒதுக்கி வைத்திருக்கிறது? நோய் வருவதற்கு முன்பே தடுக்கிற ஜெல் என்றால் வாங்க ஆள் இல்லாமலா போகும்? வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்க வைத்திருக்கும் ஆஃப்செட் கணக்கில் இருப்பதில் ஒரு பகுதியை எடுத்துப் போடலாமா என்று யோசிக்கிறேன். மனைவிக்கு அரை மனசுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கு:

தம்பி, இந்தக் கம்பெனியைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். இப்போது என் கையில் பங்கு இல்லை, அதனால் ஏற்றிவிடவோ இறக்கிவிடவோ எனக்கு ஒரு காரணமும் கிடையாது.

முதலில் கதையை வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள். விவாஜெல் ஆரம்பத்தில் எச்ஐவியைத் தடுக்கும் ஜெல்லாகத்தான் பேசப்பட்டது. டென்ட்ரிமர் என்ற கிளை கிளையாக விரியும் மூலக்கூறு வகையில் செய்த மருந்து அது. அந்த வகை மருந்து ஒன்றை மனிதர்களிடம் சோதிக்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதன்முதலாக அனுமதித்தது 2003-இல், இதற்குத்தான். 2006-இல் சீக்கிரம் பரிசீலிப்பதற்கான ஃபாஸ்ட் டிராக் தகுதியும் கொடுத்தார்கள். அமெரிக்க அரசின் ஆராய்ச்சிப் பணமும் வந்தது. அந்தக் காலத்தில் பங்கு வாங்கியவர்கள் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் மனதில் வைத்துத்தான் வாங்கினார்கள்.

அப்புறம் கம்பெனி பாக்டீரியல் வஜைனோசிஸ் பக்கம் திரும்பியது. பிவி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெண்ணுறுப்பில் இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியா குறைந்து மற்றவை பெருகுவது, ரொம்பப் பரவலான தொல்லை. 2012 நவம்பரில் அந்தச் சிகிச்சைக்கான மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வந்தது. ஜெல்லைப் போட்டு முடித்தவுடன் பார்த்தால் நல்ல பலன். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் மருந்து இல்லாத போலி ஜெல்லுக்கும் இதற்கும் போதுமான வித்தியாசம் இல்லை. எஃப்டிஏ கேட்டது அந்த இரண்டாவது கணக்கை. பங்கு விழுந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பா ஒத்துக்கொண்டது, எஃப்டிஏ ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேர் முன்னாலும் இருந்தது ஏறக்குறைய ஒரே தரவு. ஐரோப்பாவில் இது மருத்துவ சாதனம் என்ற வகையில், அங்கே விற்க அனுமதிக்கும் சிஇ முத்திரை வாங்கியது. அமெரிக்காவில் மருந்து, அந்த வாசல் உயரமானது. மீண்டும் வராமல் தடுப்பதற்கான சோதனைகளையும் சேர்த்து அங்கே விண்ணப்பித்தார்கள். 2018 டிசம்பரில் இன்னும் மருத்துவத் தரவு வேண்டும் என்று எஃப்டிஏ திருப்பி அனுப்பிவிட்டது. "அமெரிக்கா மட்டும் ஒத்துக்கொண்டால்" என்று நண்பர் ஒரு வரியில் தாண்டிப் போகிற விஷயத்துக்குப் பின்னால் இன்னொரு பெரிய சோதனையும் அதற்கான சில வருஷங்களும் பணமும் இருக்கின்றன. அந்தப் பணத்தைக் கம்பெனி இந்த ஜெல்லில் போடுமா என்றால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மாதிரியும் பிழையும்:

நான் மருத்துவப் பரிசோதனைகளில் புள்ளியியல் வேலை பார்ப்பவள். பங்குச் சந்தை எனக்குத் தெரியாது. தடுப்பு ஜெல் என்ற பண்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதன் கஷ்டம் தெரிவதே இல்லை.

நோய் வந்தவருக்கு மருந்து கொடுத்தால் குணமானதை எண்ணலாம். தடுப்பு மருந்தில் வராமல் போனதை எண்ண வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான பேர் வேண்டும், மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும், போலி ஜெல் பக்கத்தில் போதுமான பேருக்கு நோய் வந்தால்தான் கணக்கே நிற்கும். எச்ஐவிக்காக சாவி என்ற ஜெல்லை கானாவிலும் நைஜீரியாவிலும் சோதித்தபோது எதிர்பார்த்ததைவிடத் தொற்று குறைவாக இருந்தது. பங்கேற்ற பெண்களுக்கு அது நல்ல செய்தி, ஆனால் ஜெல் வேலை செய்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாமல் சோதனையை நிறுத்தினார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், ஜெல்லைப் போட்டார்களா என்பது. 2010-இல் தென்னாப்பிரிக்காவின் கப்ரிசா 004 சோதனை வந்தது நினைவிருக்கும். 889 பெண்கள், டெனோஃபோவிர் ஜெல், எச்ஐவி தொற்று 39% குறைந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் இந்தத் துறையில் இருந்த எல்லாரும் கொண்டாடினோம். அதன் பிறகு வாய்ஸ் என்று ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. கேட்டால் சுமார் 90% ஒழுங்காகப் பயன்படுத்துவதாகப் பதில். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் ஜெல் கொடுக்கப்பட்ட பெண்களின் மாதிரிகளில் நாலில் ஒரு பங்கில்தான் மருந்து இருந்தது. 2015-இல் வந்த ஃபேக்ட்ஸ் 001 சோதனையிலும் ஜெல்லும் போலி ஜெல்லும் சமமாகவே முடிந்தன. இதற்காக அந்தப் பெண்களைக் குறை சொல்வது தவறு. வீட்டில் புருஷனுக்கோ மாமியாருக்கோ தெரியாமல் ஒரு குழாயை ஒளித்துவைக்க வேண்டிய வாழ்க்கை, நோய் இல்லாத உடம்பில் தினமும் மருந்து போடு என்கிறோம், எத்தனை பேரால் முடியும்?

நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. செல்லுலோஸ் சல்ஃபேட் ஜெல் சோதனை நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. 2007 ஜனவரியில் அந்த ஜெல் தொற்றைக் கூட்டுகிறதோ என்ற சந்தேகம் எழுந்து எல்லா இடத்திலும் நிறுத்தினார்கள். பாதுகாப்பானது என்று நம்பி மனிதர்களிடம் கொண்டுபோன ஜெல் அது.

விவாஜெல்லுக்கு வருகிறேன். பிவி மீண்டும் வராமல் தடுக்கும் சோதனை ஒன்றின் கட்டுரை 2020-இல் வெளியானது. 16 வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் ஜெல். அந்தக் காலத்துக்குள் மீண்டும் வந்தது ஜெல் பக்கம் 44.2%, போலி ஜெல் பக்கம் 54.3%. புள்ளியியல்படி இது உண்மையான வித்தியாசம், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்: பத்துப் பெண்கள் ஆளுக்கு 56 தடவை போட்டால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகத் தடுக்கப்படுகிறது. ஜெல் போட்டும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. இதை எவ்வளவு விலைக்கு, எத்தனை மாதம், யார் வாங்குவார்கள் என்பதுதான் உங்கள் பங்கின் கேள்வி என்று நினைக்கிறேன்.

கவுன்டருக்குப் பின்னால்:

அக்கா கேட்ட அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம், மெல்பர்னில் மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். விவாஜெல் இங்கே ஃப்ளூர்ஸ்டாட் என்ற பெயரில் 2019-இல் வந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் முண்டிஃபார்மா என்ற கம்பெனி பீட்டாடின் பெயரில் விற்று வந்தது. அதாவது விற்பனை கூட்டாளியுடையது, ஸ்டார்ஃபார்மாவுக்கு வருவது அதில் ஒரு பகுதிதான், ராயல்டி என்பார்கள். இதை உங்கள் நண்பர் சொன்னாரா?

கடையில் எப்படி நடக்கும் என்றால், ஒரு பெண் வருவார், சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவான குரலில் "த்ரஷுக்கு ஏதாவது கொடுங்க" என்பார். அரிப்பா, வாடையா, வெள்ளைபடுவது எப்படி இருக்கிறது என்று ஓரமாகக் கூட்டிப் போய்க் கேட்டால் பல நேரம் அது பூஞ்சைத் தொற்றான த்ரஷ் இல்லை, பிவியாகத்தான் தெரியும். அவருக்கு அந்தப் பெயரே புதிது. ஜிபியை, அதாவது குடும்ப டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியாக வேண்டும். ஜிபி என்ன எழுதுவார்? மெட்ரோனிடசோல் மாத்திரை, பழைய மருந்து, மலிவு. அந்தப் பெண் ஜெல்லைத் தேடி வருவது இரண்டாவது, மூன்றாவது தடவை திரும்ப வந்து வெறுத்துப்போன பிறகு. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் கேட்பார்கள், அவர்களில் சிலருக்கு இது நன்றாக உதவுகிறது என்று அவர்களே வந்து சொல்வார்கள். நல்ல மருந்துதான், நான் மனதார எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அலமாரியில் அதன் வேகம் அவ்வளவுதான். இப்படி ஒவ்வொரு பெண்ணாக வந்து சேரும் ராயல்டியில் ஒரு ஆராய்ச்சிக் கம்பெனியின் செலவை ஓட்ட முடியாது.

ஆணுறையிலும் இதே பொருளைப் பூசி 2014-இல் ஆன்செல் இங்கே கொண்டுவந்தது. அப்போதும் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது, பங்குதாரர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று ஆண்டறிக்கையில் ராயல்டி வருமானத்தைப் பாருங்கள், தெரியும்.

டான்டினாங் தம்பி:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, அந்த 44, 54 கணக்கை நண்பருக்கு அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை. பழைய கணக்கு அண்ணா, எச்ஐவி தடுப்புச் சந்தைக்கு இந்த ஜெல் இனிமேல் திரும்ப வாய்ப்பு உண்டா? அப்புறம் கம்பெனியின் கையிருப்புப் பணத்தை எங்கே பார்ப்பது?

பழைய கணக்கு:

எச்ஐவி பக்கம் கதவு மூடிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். 2012 ஜூலையிலேயே தடுப்புக்கு ட்ருவாடா மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் வாங்கிவிட்டது. 2024-இல் லெனகாபாவிர் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆப்பிரிக்காவில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட தொற்று வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு ஊசி போதும் என்கிற இடத்தில் ஜெல்லுக்கு யார் காசு கொடுத்துச் சோதனை நடத்துவார்கள்?

பணத்துக்கு, காலாண்டுக்கு ஒருமுறை ஏஎஸ்எக்ஸில் 4சி என்று ஒரு அறிக்கை போடுவார்கள். எல்லாரும் முதல் பக்கத்து அறிவிப்பைப் படிப்பார்கள், நீங்கள் நேராக 8-ஆவது பகுதிக்குப் போங்கள். கையில் உள்ள பணம் இதே செலவில் இன்னும் எத்தனை காலாண்டுக்கு வரும் என்று அதில் எண்ணாகவே இருக்கும். இரண்டுக்குக் கீழே போனால் எப்படிச் சமாளிக்கப் போகிறோம் என்று கம்பெனி எழுதியே ஆக வேண்டும். ஆராய்ச்சிச் செலவுக்கு அரசு வரிச் சலுகையாகத் திருப்பித் தரும் பணம் எந்தக் காலாண்டில் வந்தது என்றும் பாருங்கள். சின்ன கம்பெனிகளுக்கு தகுதியுள்ள செலவில் 43.5% வரை ரொக்கமாகவே வரும், அது வந்த காலாண்டில் நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

பணம் குறைந்தால் புதுப் பங்கு வெளியிடுவார்கள். முதலில் பெரிய முதலீட்டாளர்களுக்குத் தள்ளுபடி விலையில் பிளேஸ்மென்ட், அப்புறம் நம்மைப் போன்ற சின்னப் பங்குதாரர்கள் வாங்க எஸ்பிபி என்ற திட்டம். நீங்கள் சேராவிட்டால் கம்பெனியில் உங்கள் பங்கின் விகிதம் கரையும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சான் டியேகோவின் எவோஃபெமைப் பாருங்கள். அதுவும் ஜெல் கம்பெனி. 2020 மே மாதம் ஃபெக்ஸி என்ற கருத்தடை ஜெல்லுக்கு எஃப்டிஏ ஒப்புதலே கிடைத்தது, உங்கள் நண்பர் கனவு காண்கிற அதே ஒப்புதல். அதே ஜெல் கிளமிடியாவையும் கொனோரியாவையும் தடுக்கும் என்று மூன்றாம் கட்டச் சோதனை நடத்தினார்கள், 2022 அக்டோபரில் அது தோற்றது. அந்த மாதமே பங்கு அமெரிக்கச் சந்தையான நாஸ்டாக்கை விட்டு வெளியே போனது. 2022 மே மாதம் 15 பங்கை ஒன்றாக்கினார்கள், 2023 மே மாதம் 125 பங்கை ஒன்றாக்கினார்கள். ஒப்புதல் வந்த நாளில் 1,875 பங்கு வைத்திருந்தவர் கையில் கடைசியில் ஒரே ஒரு பங்கு. கடையில் ஜெல் விற்றுக்கொண்டேதான் இருந்தது.

கிளைவிட்ட மூலக்கூறு:

எல்லாரும் ஜெல்லையே பேசுகிறீர்கள், எனக்கு மாற்றுக் கருத்து. நான் பங்கு வைத்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ஃபார்மாவை ஜெல் கம்பெனியாக நினைத்து வாங்கக் கூடாது, அதை ஒத்துக்கொள்கிறேன். அவர்களுடைய உண்மையான சொத்து டெப் என்கிற தொழில்நுட்பம்: ஏற்கெனவே இருக்கிற புற்றுநோய் மருந்துகளை டென்ட்ரிமரில் பொருத்தி, பக்கவிளைவைக் குறைத்துக் கொடுப்பது. டோசிடாக்செல், கபாசிடாக்செல், இரினோடெக்கன் மூன்றையும் மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி ஒன்று முன்பணம் கொடுத்து உரிமம் வாங்கினால் அது வேறு கணக்கு. ஜெல்லும் ஸ்ப்ரேயும் அதுவரை கொஞ்சம் வருமானம் தருகின்றன, டென்ட்ரிமரை மனித உடம்பில் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்றும் காட்டியிருக்கின்றன. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பழைய கணக்கு:

நியாயமான வாதம். ஆனால் 2015-இலேயே அஸ்ட்ராசெனெகா அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒப்பந்தம் போட்டது, அதில் வந்த மருந்தின் சோதனை பின்னர் நிறுத்தப்பட்டது. மூக்கு ஸ்ப்ரே 2021-இல் பிரிட்டனில் கடைக்கு வந்த சில மாதங்களிலேயே விளம்பர வாசகங்கள் பற்றி அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பு கேள்வி எழுப்பி விற்பனை நின்றது. தொழில்நுட்பத்தை நம்பி வாங்குகிறவர், கையெழுத்தான உரிம ஒப்பந்தத்தில் முன்பணம் எவ்வளவு என்று பார்த்து வாங்கட்டும். "மொத்த மதிப்பு இத்தனை கோடி வரை" என்று தலைப்பில் வரும் தொகையில் பெரும்பகுதி, எல்லாச் சோதனையும் வென்றால்தான் வரும்.

தம்பி, ஆஃப்செட் பணத்தை மட்டும் தொடாதீர்கள். அங்கே கிடக்கிற ஒவ்வொரு டாலரும் உங்கள் கடன் வட்டி விகிதத்தை வரியில்லாமல் சம்பாதித்துக் கொடுக்கிறது. முழுசாகப் போனாலும் வீட்டில் பேச்சு வராத தொகை தனியாக இருந்தால், அதில் வாங்குங்கள்.

டான்டினாங் தம்பி:

சரி அண்ணா, ஆஃப்செட்டைத் தொடவில்லை. மனைவியிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன், ஃபார்மசிஸ்ட் சொன்னதைப் படித்துவிட்டு, ஜிபி தனக்கும் அதே மாத்திரைதான் எழுதினார் என்றாள், இப்படி ஒரு ஜெல் இருப்பதை யாரும் சொல்லவில்லையாம். அடுத்த 4சி வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கப் போகிறோம். அது எப்போது வரும்?

பழைய கணக்கு:

காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். ஜூன் காலாண்டு என்றால் ஜூலை 31-க்குள். ஆகஸ்ட் கடைசிக்குள் முழு ஆண்டுக் கணக்கும் வரும், ராயல்டியையும் ஆராய்ச்சிச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் வசதி.

கவுன்டருக்குப் பின்னால்:

தம்பி, மனைவிக்குத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஜிபியிடம் பஞ்சுக் குச்சியால் மாதிரி (ஸ்வாப்) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், உறுதியான பிறகு ஜெல்லைப் பற்றிக் கேட்கட்டும். பங்கு வாங்குகிறீர்களோ இல்லையோ அதைத் தள்ளிப்போட வேண்டாம்.