வெளிநாட்டு நட்சத்திரங்களுக்காக வரும் கூட்டம் நிலைக்கிறதா? ஜப்பான், கொரியா, சீன லீக்குகள் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: நடுக்களம்

வணக்கம். ஜப்பானின் ஜே லீக், கொரியாவின் கே லீக் ஆட்டங்களைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். 2024 மார்ச் 10 அன்று எஃப்சி சியோல் அணி தன் சொந்த மைதானத்தில் இஞ்சியோன் யுனைடெட்டைச் சந்தித்தபோது 51,670 பேர் திரண்டிருந்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் வளர்ந்த ஜெஸ்ஸி லிங்கார்ட், சியோல் ரசிகர்கள் முன்னிலையில் முதன்முதலாகக் களமிறங்கிய நாள் அது. கோல் எதுவும் விழாமல் முடிந்த ஆட்டத்துக்கு அத்தனை பேர் வந்ததைக் கண்டு மகிழ்ந்தேன் என்றாலும், இவர்களில் எத்தனை பேர் அணிக்காக வந்தவர்கள் என்ற ஐயமும் உடனே எழுந்தது. இரண்டு பருவங்கள் ஆடிய லிங்கார்ட் 2025 இறுதியில் விடைபெற்றுவிட்டதால், அந்த ஐயம் இப்போது இன்னும் வலுப்பட்டிருக்கிறது.

பெரிய பெயருள்ள வெளிநாட்டு வீரரால் வரும் ரசிகர்கள் அவர் போன பிறகும் அந்த அணியோடு இருக்கிறார்களா? அதோடு, கோலுக்குப் பின்னால் நின்று தொண்ணூறு நிமிடமும் பாடுகிறார்களே, அந்தத் தீவிர ஆதரவாளர்கள் வெளிநாட்டு வீரரைத் தம்மவராகவே ஏற்றுக்கொள்கிறார்களா, அல்லது வந்துபோகும் விருந்தினராகப் பார்க்கிறார்களா? இந்த லீக்குகளை நெடுநாளாகக் கவனித்து வருபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: வடக்கு மேடை

ஜப்பானைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜே லீக் 1993 மே 15 அன்று வெர்டி கவாசாகி, யோகோஹாமா மரினோஸ் அணிகளின் ஆட்டத்தோடு தொடங்கியது. லீக்கின் முதல் கோலை அடித்தவரே வெர்டிக்கு ஆடிய ஹென்னி மெய்யர் என்ற நெதர்லாந்துக்காரர்தான். உங்கள் கேள்விக்கான விடை, என்னைக் கேட்டால், அதற்கு மறுநாளே கிடைத்துவிட்டது. காஷிமா ஆண்ட்லர்ஸும் நாகோயா கிராம்பஸும் மோதிய அந்த ஆட்டத்தில் ஒரு பக்கம் நாற்பது வயதான பிரேசில் வீரர் ஜிகோவும் மறுபக்கம் 1986 உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்த இங்கிலாந்து வீரர் கேரி லினேக்கரும் இருந்தார்கள். ஜிகோ மூன்று கோல்கள் அடிக்க, காஷிமா 5-0 என்று வென்றது. லினேக்கர் காயத்தால் அவதிப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் மிகச் சில ஆட்டங்களே ஆடி ஓய்வு பெற்றார்.

ஆனால் காஷிமாவில் ஜிகோ பெற்ற இடத்துக்குக் கோல்கள் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஜே லீக் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1991இல், அந்த அணி சுமித்தோமோ உலோக நிறுவனத்தின் தொழிற்சாலை அணியாக இரண்டாம் பிரிவில் கிடந்தபோது அவர் அங்கே வந்து சேர்ந்தார். பயிற்சி, உணவு, தோல்வியை ஏற்கும் முறை என எல்லாவற்றிலும் தொழில்முறை ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் உறவு அறுபடவில்லை. 2018இல் தொழில்நுட்ப இயக்குநராகத் திரும்பி வந்தார், அந்த ஆண்டே காஷிமா முதன்முறையாக ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அந்தச் சிறிய தொழில் நகரத்தில் அவருக்குச் சிலை நிற்கிறது.

நாகோயாவுக்கும் பின்னர் அப்படி ஒருவர் கிடைத்தார். 1994இல் வந்த யூகோஸ்லாவிய வீரர் டிராகன் ஸ்டோய்கோவிச் 2001 வரை அங்கேயே ஆடினார், பயிற்சியாளராகத் திரும்பி 2010இல் அணிக்கு முதல் லீக் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். 2009இல் ஓர் ஆட்டத்தின் நடுவே, எல்லைக்கோட்டருகே நின்றிருந்தவர் தம்மிடம் வந்த பந்தை, கோட்டு சூட்டும் காலணியுமாக ஒரே உதையில் கோலுக்குள் அனுப்பி, அதற்காக வெளியேற்றப்பட்டதை நாகோயா ரசிகர்கள் இன்றும் பாசத்தோடு சொல்வார்கள்.

வருகை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். முதல் பிரிவின் சராசரி 1994இல் 19,598 ஆக இருந்து 1997இல் 10,131 ஆகச் சரிந்தது. அதே 1997இல் லீக்கின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர் யார் தெரியுமா? 1994இல் பிரேசிலுக்குத் தலைமையேற்று உலகக் கோப்பையை ஏந்திய துங்கா. அவருடைய ஜூபிலோ இவாட்டாதான் அந்த ஆண்டின் சாம்பியன். உலகின் தலைசிறந்த நடுக்கள வீரர்களில் ஒருவர் வாராவாரம் ஆடியும் லீக்கின் இருக்கைகள் பாதி காலியாகத்தான் கிடந்தன. புதுமை தீர்ந்துவிட்டதே காரணம் என்பது என் கருத்து. அங்கிருந்து மீண்டு 20,000 என்ற சராசரியை முதன்முதலாகத் தாண்ட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பதில் 2: சிவப்புக் கொடி

மேலே உள்ள பதிலோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் 2019ஐச் சொன்னவர் ஸ்பெயின் வீரர் இனியெஸ்டாவைச் சொல்லாமல் விட்டது சரியில்லை. 2018இல் அவர் விஸ்ஸெல் கோபேவுக்கு வந்த பிறகு வெளியூர் ஆட்டங்களிலும் கூட்டம் பெருகியது. 2020 புத்தாண்டு நாளில் காஷிமாவை வென்று பேரரசர் கோப்பையைப் பெற்றது அந்த அணியின் முதல் பெரிய பட்டம். ஆனால் லீக் பட்டம் 2023இல்தான், அதுவும் அவர் பருவத்தின் நடுவில் விடைபெற்ற பிறகு, ஓசாகோ, முத்தோ போன்ற ஜப்பானிய முன்கள வீரர்களின் உழைப்பால் கிடைத்தது. மாறாக, செரெஸோ ஒசாக்கா 2014இல் உருகுவே வீரர் டியேகோ ஃபோர்லானைக் கொண்டுவந்தது, அந்தப் பருவத்தின் முடிவில் இரண்டாம் பிரிவுக்கே இறங்கிவிட்டது.

இனி கொரியா. தேயான் தாம்யானொவிச் என்ற மாண்டினீக்ரோ முன்கள வீரரைப் பற்றிப் படியுங்கள். அவர் வந்தபோது அவரை யாரும் பெரிதாக அறிந்திருக்கவில்லை. 2011, 2012, 2013 என மூன்று பருவங்கள் தொடர்ந்து அதிக கோல் அடித்தவர். 2012இல் மட்டும் 31 கோல்கள். எஃப்சி சியோல் ரசிகர்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். அதனால்தான் 2018இல் அவர் பரம எதிரியான சுவோன் சாம்சங் புளூவிங்ஸுக்குப் போனபோது அவர்களுக்கு அவ்வளவு வலித்தது. வந்துபோகும் விருந்தினர் எந்த அணிக்குப் போனால் யாருக்கு என்ன? உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்தக் கோபத்தையே விடையாகச் சொல்வேன்.

இன்னொருவர் தாஜிக்கிஸ்தானில் பிறந்த கோல்கீப்பர் வலேரி சரிச்செவ். அவர் காத்த இல்வா அணி 1993 முதல் 1995 வரை தொடர்ந்து மூன்று முறை சாம்பியன் ஆனது. பிற அணிகளும் வெளிநாட்டுக் கோல்கீப்பர்களைத் தேடத் தொடங்கவே, உள்நாட்டுக் கோல்கீப்பர்களுக்கு வாய்ப்பில்லாமல் போகிறதே என்று அஞ்சி, கே லீக் படிப்படியாகக் கட்டுப்படுத்தி 1999இல் அவர்களை முற்றிலும் தடை செய்தது. அவரோ கொரியக் குடியுரிமை பெற்று, ரசிகர்கள் சூட்டிய பட்டப்பெயரையே, அதாவது ‘கடவுளின் கை’ என்று பொருள்படும் ஷின் உய்-சோன் என்பதையே, தம் சட்டப்படியான பெயராக்கிக்கொண்டு 2000இல் ஆன்யாங் அணியோடு மீண்டும் பட்டம் வென்றார். அந்தத் தடை 2026 பருவத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது.

நடுக்களம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தேயானைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாமல் இருந்தது. அதிகப் பணம் செலவழித்த சீனாவில் என்ன நடந்தது என்று யாரேனும் சொல்ல முடியுமா?

பதில் 3: கிழக்குக் கரை

சீனாவில் ரசிகர்கள் குறையவில்லை, அவர்கள் நேசித்த அணிகள்தான் இல்லாமல் போயின. அதை எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது. 2012இல் ஐவரி கோஸ்டின் டிரோக்பாவும் பிரான்ஸின் அனெல்காவும் ஷாங்காய் ஷென்ஹுவாவுக்கு வந்தார்கள், அடுத்த ஆண்டு தொடங்கும்போது இருவரும் அங்கே இல்லை. வீரர்களின் விலை கட்டுக்கடங்காமல் போனதால், 2017இல் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வெளிநாட்டு வீரரை வாங்கும் நட்டத்திலுள்ள கிளப், அதே அளவு பணத்தை வளர்ச்சி நிதிக்கும் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. ஆயினும் கிளப்புகள் வீட்டுமனை நிறுவனங்களையும் பெருவணிகக் குழுமங்களையும் நம்பியிருந்த நிலை மாறவில்லை. ஜியாங்சு 2020இல் சாம்பியன் ஆகி, சில மாதங்களிலேயே செயல்பாட்டை நிறுத்தியது. எட்டு முறை லீக்கையும் இரண்டு முறை ஆசிய சாம்பியன்ஸ் லீக்கையும் வென்ற குவாங்சோ 2025 ஜனவரியில் கலைக்கப்பட்டது.

இதற்கு நடுவிலும் பிரேசில் வீரர் ஆஸ்கார் 2017 தொடங்கி 2024 முடியும்வரை ஷாங்காய் போர்ட் அணியிலேயே இருந்து மூன்று லீக் பட்டங்களை வென்றார். பணத்துக்காக வந்தார் என்று தொடக்கத்தில் ஐரோப்பிய ஏடுகள் பழித்த அவரை, விடைபெறும் நாளில் அந்த ரசிகர்கள் கண்ணீரோடு வழியனுப்பினார்கள்.

பதில் 4: வடக்கு மேடை

விடுபட்ட ஒன்றைச் சேர்க்க மீண்டும் வந்தேன். ஜே லீக்கில் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா உள்ளிட்ட, லீக்கோடு கூட்டு ஒப்பந்தமுள்ள சில நாடுகளின் வீரர்கள், வெளிநாட்டவருக்கான எண்ணிக்கை வரம்பில் சேர்க்கப்படுவதில்லை. அந்த வழியாக 2017இல் சப்போரோ அணிக்கு வந்த தாய்லாந்து வீரர் சனாதிப் சொங்கிராசின், அடுத்த ஆண்டே லீக்கின் சிறந்த பதினொருவரில் ஒருவராகத் தேர்வு பெற்றார். 158 சென்டிமீட்டர் உயரமே உள்ள அவரைக் காணத் தாய்லாந்திலிருந்து மக்கள் சப்போரோ அமைந்த ஹொக்கைதோ தீவுவரை பயணம் செய்தார்கள்.

எல்லா இடத்திலும் வரவேற்பு இப்படியே இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2014 மார்ச்சில் உராவா ரெட்ஸ் மைதானத்தில், கோலுக்குப் பின்னாலுள்ள மேடையின் நுழைவாயிலில், ஜப்பானியருக்கு மட்டும் என்று பொருள்படும் பதாகையைச் சிலர் கட்டினார்கள். ஆட்டம் முடியும்வரை அது அகற்றப்படவில்லை. ஜே லீக் அதை இனப்பாகுபாடாகக் கருதி, உராவாவின் அடுத்த சொந்த மைதான ஆட்டத்தை ரசிகர்களே இல்லாமல் நடத்த ஆணையிட்டது. 2014 மார்ச் 23 அன்று, 63,000க்கும் மேற்பட்ட இருக்கைகள் வெறிச்சோடிக் கிடக்க, பாட்டோ மேளமோ இல்லாமல், பந்து உதைபடும் ஓசை மட்டும் கேட்க, உராவாவும் ஷிமிசுவும் 1-1 என்று ஆடி முடித்தன.