ஃபால்ஸ் பாசிட்டிவுக்கு ‘வீண்பிடி’ பொருந்துமா?

எல்லோருக்கும் வணக்கம். ஃபால்ஸ் பாசிட்டிவ், அதாவது இல்லாத ஒன்றை இருப்பதாக ஒரு சோதனையோ இயந்திரமோ தப்பாகக் காட்டுவது, அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இந்த இழையை முதலிலிருந்து மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

> ‘தவறான நேர்மறை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு ஒரு சொல்?

அக்கா, நியாயமான கேள்வி. புள்ளியியல் படித்தவர்களுக்கு அந்தச் சொல் போதும். ஆனால் பேச்சில் நேர்மறை என்றாலே நல்லது என்றுதான் காதில் விழுகிறது. நேர்மறை எண்ணம், நேர்மறை விமர்சனம் என்றெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பொருள் ஊறிப்போய்விட்டது. போன மாதம் என் வலைப்பதிவு எரிதம் (ஸ்பாம், அதாவது வேண்டாத விளம்பரக் குப்பை) என்று பூட்டப்பட்டபோது தம்பியிடம், “அது எரிதம் இல்லை, தவறான நேர்மறை” என்று சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “சும்மா இருந்ததைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள்” என்றதும் உடனே புரிந்துவிட்டது. அந்த ‘பிடித்துவிட்டார்கள்’ என்ற சொல்தான் அதற்குப் பிறகு மனதை விட்டுப் போகவே இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் வலைப்பதிவில் இருப்பது பெரும்பாலும் சொற்பட்டியல்தான், ஒரே வேர்ச்சொல் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதித் தளம் ஒன்றுக்கு இணைப்பு இருக்கும். எரிதப் பதிவுகளை இயந்திரம் எப்படி அடையாளம் காண்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதிலேயே விஷயம் விளங்கியிருக்கும்: ஒரே தளத்துக்கு ஏராளமான இணைப்புகள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள், வாக்கியமாகச் சேராத உரை. மூன்றும் என் பக்கத்தில் இருந்தன. ஒரு நாள் காலையில் உள்நுழைந்தால், “உங்கள் வலைப்பதிவு எரிதம் எனக் கண்டறியப்பட்டுள்ளது” என்று ஓர் அறிவிப்பு. எழுதலாம், சேமிக்கலாம், வெளியிட முடியாது. மீளாய்வு கேட்கச் சொல்லி ஒரு பொத்தான், கேட்காவிட்டால் நீக்கிவிடுவோம் என்று ஒரு கெடு.

பல வருட உழைப்பு. முதல் வேலையாக எல்லாப் பதிவுகளையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டேன். (இதைப் படிக்கிற யாராக இருந்தாலும் இன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள், பூட்டு விழும்வரை காத்திருக்க வேண்டாம்.) அப்புறம்தான் மீளாய்வு கேட்டேன். பதற்றத்தில் புதிதாக ஒரு வலைப்பதிவு திறந்து அதே பதிவுகளை அங்கே ஒட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன், நல்லவேளையாக ஒரு நண்பர் தடுத்தார். ஒரே உரை இரண்டு இடத்தில் இருந்தால் இயந்திரத்தின் சந்தேகம் இன்னும் வலுக்கும். மூன்று வாரம் கழித்துப் பூட்டு திறந்தது. விளக்கமும் இல்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்தியது ‘கண்டறியப்பட்டுள்ளது’ என்ற சொல். இருப்பதைத்தான் கண்டறிய முடியும். நோயைக் கண்டறிகிறோம், பிழையைக் கண்டறிகிறோம். மனிதர் ஒருவர்கூடப் பார்க்காத நிலையில் இயந்திரத்திடம் இருப்பது வெறும் ஐயம்தான். அறிவிப்பின் முதல் வரியிலேயே தீர்ப்பை எழுதிவிட்டுப் பிறகு மீளாய்வு கேள் என்றால் கேட்கிறவர் குற்றவாளியாகத்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் ஃபிளாக் (சந்தேகத்துக்குரியது என்று இயந்திரம் குறித்து வைப்பது) என்பதற்குக் ‘கொடியிடுதல்’ என்று போன வாரம் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. நமக்குக் கொடி என்றால் ஏற்றுவது, பறப்பது. ‘ஐயக்குறி’ என்று வைக்கலாம். ஐயக்குறி இட்டிருக்கிறோம் என்று எழுதினால் அது இன்னும் முடிவாகவில்லை என்பது சொல்லிலேயே தெரிகிறது.

சரி, முக்கியமான சொல்லுக்கு வருகிறேன்.

> வீண்பழி என்றே சொல்லிவிடலாமே? எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஐயா, நீங்கள் இதை எழுதியதும் முதலில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, என் மனநிலைக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் பழி ஒருவர் மீதுதான் விழும். நச்சுநிரல் தடுப்பான் (ஆன்டிவைரஸ்) ஒரு நல்ல கோப்பைப் பிடித்தாலும், மருத்துவச் சோதனை இல்லாத நோயை இருப்பதாகக் காட்டினாலும் இதே சொல்தான் வேண்டும், அங்கே பழி பொருந்தாது. அதனால் ‘பழி’யை விட்டுவிட்டு ‘வீண்’ என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வீண்பழி, வீண்சந்தேகம், வீண்வம்பு என்று வரும்போதெல்லாம் வீண் என்பதற்குக் காரணமில்லாத என்றுதான் பொருள். ஆகவே காரணமில்லாமல் பிடித்தது வீண்பிடி. பயனற்ற பிடி என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். உண்மைதான். அந்தப் பொருளிலும் சொல் பொய்யாகவில்லையே.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2008 ஆகஸ்ட்டில் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர் தளத்தில் ஏராளமான வலைப்பதிவுகள் எரிதம் என்று பூட்டப்பட்டன. தரவைக் கையாளும் நிரலில் ஒரு வழு (பிழை) இருந்ததாகவும், எரிதம் இல்லை என்று தங்கள் படிமுறையே (அல்காரிதம்) முடிவு செய்த பதிவுகளும் அதனால் பூட்டப்பட்டுவிட்டதாகவும் அவர்களே சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். கவனியுங்கள், அங்கே சோதனையின் முடிவு சரியாகவே இருந்திருக்கிறது, பூட்டு மட்டும் தப்பாக விழுந்திருக்கிறது. அதைத் ‘தவறான நேர்மறை’ என்று சொல்லவே முடியாது. பூட்டப்பட்டவருக்கோ இரண்டும் ஒன்றுதான். வீண்பிடி இரண்டுக்கும் பொருந்தும்.

இது எப்போதாவது நடப்பதுதானே, இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடலா என்று கேட்டவருக்கு ஒரு கணக்கு. 1,00,000 வலைப்பதிவுகள், அவற்றில் 1,000 எரிதம் என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டி நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்கிறது. 1,000 எரிதத்தில் 990 சிக்கும். மிச்சம் இருக்கிற 99,000 நல்ல பதிவுகளிலும் நூற்றுக்கு ஒன்று வீதம் 990 சிக்கும். அதாவது பூட்டப்பட்டவர்களில் பாதிப் பேர் எந்தத் தவறும் செய்யாதவர்கள்! 99 விழுக்காடு துல்லியம் என்பது கேட்க எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது, ஆனால் அதற்குள் இத்தனை பேர் அடங்கியிருக்கிறார்கள். இவர்களுக்கு நடந்ததைச் சொல்ல ஒரு சொல் இருந்தால்தான், “வீண்பிடி எத்தனை?” என்று சேவை வழங்குபவரிடம் நேராகக் கேட்க முடியும்.

எரிதம் என்ற சொல்லையே மாற்ற வேண்டும் என்று ஒரு கிளை ஓடுகிறது. அதை இப்போது தொட வேண்டாம் என்பது என் வேண்டுகோள், அது பலருக்குப் பழகிவிட்டது.

இடைமுகத்தில் எப்படி வரும் என்று எழுதிப் பார்த்தேன்: “உங்கள் வலைப்பதிவுக்கு எரித ஐயக்குறி இடப்பட்டுள்ளது. இது வீண்பிடி என்று நினைத்தால் மீளாய்வு கேளுங்கள்.” பூட்டைத் திறக்கும்போது: “ஆய்ந்து பார்த்தோம், இது எங்கள் வீண்பிடி. வருந்துகிறோம்.” அந்த ‘எங்கள்’ என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.

எதிர்ப்பிழைக்கு, அதாவது உண்மையான எரிதம் தப்பிப் போவதற்கு, ‘நழுவல்’ என்று வைத்திருக்கிறேன். வலையில் பிடி, வலையிலிருந்து நழுவல் என்று இணை சேர்கிறது. ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. நழுவல் என்றால் நழுவினவனின் சாமர்த்தியம் மாதிரி இருக்கிறது, விட்டவரின் பிழை அதில் தெரியவில்லை. ‘தவறவிடல்’ அதைச் சொல்கிறது, ஆனால் பக்கத்தில் வைத்தால் வீண்பிடியோடு ஓசை ஒட்டவில்லை. ‘வீண்விடுப்பு’ என்று ஒருவர் சொன்னார், அலுவலக விடுப்பு ஞாபகம் வருகிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை பட்டியலை மூடாமல் வைத்திருக்கிறேன்.