முதல் விமானப் பயணம்: காது அடைப்பு, பவர் பேங்க், நடுவில் விமானம் மாறுவது

மல்லிகைப்பந்தல்:
அம்மாவும் அப்பாவும் முதல்முறையாக விமானத்தில் வெளிநாடு போகிறார்கள், துணைக்கு ஆள் இல்லை. நடுவில் ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் மாறணும். அங்கே பெட்டியை எடுக்கணுமா? பவர் பேங்க் எந்தப் பையில்? அம்மாவுக்கு லேசாக ஜலதோஷம் வேறு, காது அடைக்கும் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஓடுபாதை:
செக்-இன் கவுண்டரில் பெட்டிக் கைப்பிடியில் ஒரு டேக் ஒட்டுவார்கள். அதில் பெரிதாக இருக்கும் மூன்றெழுத்து, கடைசியாக இறங்கும் ஊருடையதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். ஆமாம் என்றால் பொதுவாக நடுவில் எடுக்க வேண்டியதில்லை. தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் எடுத்து மறுபடி போடணும். அமெரிக்கா மாதிரி சில நாடுகளில் ஒரே டிக்கெட் என்றாலும் முதலில் இறங்கும் இடத்தில் சுங்கச் சோதனைக்கு எடுக்க வேண்டிவரும், அதனால் கவுண்டரில் வாய்விட்டுக் கேட்பதே நல்லது. பெட்டிக்குத் தரும் சின்ன ரசீதைத் தொலைக்கக் கூடாது. பெட்டி வராவிட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

இரண்டாவது போர்டிங் பாஸில் கேட் எண் இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் மாறலாம். இறங்கியதும் திரையில் விமான எண்ணைப் பார்க்கணும். புறப்படும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் ஊழியர்கள் உடனே அணைக்க முடியும், கீழே சரக்கு அறையில் யாரும் எட்ட முடியாது. 100 வாட்-அவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்சக்தியின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-அவர்தான். இடமில்லை என்று கேட்டில் கைப்பையை வாங்கிக் கீழே போட்டால், பவர் பேங்க்கையும் மாத்திரைகளையும் வெளியே எடுத்துக்கொண்டு கொடுக்கணும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

நீலவானம்:
காது விஷயம். மேலே ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது மூக்குக்கும் காதுக்கும் நடுவே உள்ள குழாய் திறந்தால்தான் காற்று உள்ளே போகும். ஜலதோஷத்தில் அது வீங்கியிருப்பதால் வலிக்கிறது. தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே அம்மா விழித்திருக்கணும். தூங்கினால் எச்சில் விழுங்குவது குறைந்துவிடும். மிட்டாய் சப்பலாம், கொட்டாவி விடலாம். அடைத்தால் வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெதுவாக ஊதணும். முக்கி ஊதவே கூடாது, செவிப்பறைக்கு ஆபத்து. மூக்கடைப்பு ஸ்பிரே உதவும், ஆனால் ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கிளம்பும் நாளில் மூக்கு முழுக்க அடைத்து, காதும் வலித்தால் மருத்துவரைப் பார்க்காமல் அம்மாவை விமானம் ஏற்ற வேண்டாம்.

மல்லிகைப்பந்தல்:
ரொம்ப நன்றி. அப்பாவுக்கு முட்டிவலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. வேறு ஏதாவது?

ஓடுபாதை:
அப்படியென்றால் இருவருக்கும் வீல்சேர் உதவி கேளுங்கள். 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்தால், மாறும் இடத்தில் ஊழியரே அடுத்த கேட் வரை கூட்டிப்போவார். பாஷை தெரியாத கவலையும் பாதி தீரும்.

சத்தங்களையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிளம்பிய சில நொடிகளில் அடியில் தொம்மென்று கேட்பது சக்கரம் உள்ளே போவது. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் குறைந்து கீழே இறங்குவது போலிருக்கும். இன்ஜினின் உந்துவிசையைத்தான் குறைப்பார்கள், விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். தரை தொட்டதும் வரும் பெரிய இரைச்சல் பிரேக்குக்குத் துணையாக இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்புவது. பெல்ட்டில் அமுக்கும் பொத்தான் இருக்காது, மூடியைத் தூக்கினால் கழன்றுவிடும்.