மறுமொழி: எம்எஸ் நோயில் 'லீஷன்' – 'திட்டு' மட்டும் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

எம்எஸ் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகள் பாதிக்கப்பட்ட இடங்களை ஆங்கிலத்தில் 'லீஷன்' என்கிறார்கள். அதைத் தமிழில் 'புண்' என்று சொல்லாமல் 'திட்டு' எனலாம் என்று குழுவில் பேசினோம். 'புண்' வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். மூளையில் புண் என்று ஸ்கேன் அறிக்கையில் படித்தால் நோயாளி சீழ், கட்டி என்று பதறிப்போவார். 'தழும்பு' என்றால் ஆறிப்போனது என்று பொருள்படும். இந்த நோயில் எல்லாம் ஆறிவிடுவதில்லை. அதனால் 'திட்டு'தான் சரி. 1868இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இந்த நோயை விவரித்தபோது பிரெஞ்சில் வைத்த பெயரும் திட்டுத்திட்டாகக் கெட்டிப்படுவதையே குறித்தது.

ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. எம்ஆர்ஐயில் தெரியும் திட்டுகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் இயலாமையைக் கணிக்க முடியாது. மூளையில் நிறையத் திட்டுகள் உள்ளவர் நன்றாக நடக்கலாம். தண்டுவடத்தில் ஒன்றிரண்டே உள்ளவருக்குக் கைத்தடி தேவைப்படலாம். திட்டு இருக்கும் இடம் ஒரு காரணம். அதன் தன்மை இன்னொன்று. நமக்குச் சொல் பற்றாமல் போவது இங்கேதான்.

புதிய திட்டில் ரத்த–மூளைத் தடுப்பு (ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் புகாமல் காக்கும் அரண்) கசிவதால், காடோலினியம் என்ற ஒளிர்மருந்தை ஏற்றிப் படம் எடுத்தால் சில வாரங்களுக்கு அது ஒளிரும். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை உரிந்து நோய்த்தாக்கம் வரலாம். பலருக்கு ஓரளவாவது தேறிவிடும். இது 'அழற்சித்திட்டு'. வேறு சில திட்டுகள் அப்படி ஒளிராது. ஆனால் அவற்றின் விளிம்பில் இரும்பு சேர்ந்த மைக்ரோகிளியா செல்கள் (மூளையின் நோயெதிர்ப்புச் செல்கள்) வளையமாக நிற்கும். உள்ளே நரம்பிழைகள் ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டே போகும். சில திட்டுகள் மெல்ல விரியவும் செய்யும். வளையமுள்ள திட்டுகள் பல இருப்பவர்களுக்கு இயலாமை சீக்கிரம் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புதுத் தாக்கம் எதுவும் வராமலே ஒருவரின் நடை தளர்ந்துகொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம். 'நோய் அடங்கியிருக்கிறது' என்று சொல்லி அவரை அனுப்பிவிடக் கூடாது என்பதால்தான் இதற்குத் தனிச்சொல் கேட்கிறேன்.

இதற்கு முன்மொழியப்பட்ட 'நாட்பட்ட செயல்திட்டு' என்ற சொல்லைப் பலரும் 'செயல்திட்டம்' என்றே வாசிப்பார்கள். நீறு பூத்த நெருப்பு என்ற வழக்கு நம்மிடமே இருக்கிறதே! 'கனல்திட்டு' என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லவும் எளிது, கேட்டதும் பொருளும் புரிந்துவிடும்.

அப்புறம், நரம்பிழைகள் பெருமளவு அழிந்து எம்ஆர்ஐயில் கறுப்பாகத் தெரியும் இடங்கள். ஆங்கிலத்தில் இவற்றை 'பிளாக் ஹோல்' என்கிறார்கள். அதற்கு நேரான 'கருந்துளை' வானியலுக்குப் போய்விட்டது. 'இருள்திட்டு' எனலாமா? இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.