கத்தரியில் முடியோடு, மிளகாயில் மொழுமொழுவென்று: இரண்டும் ஒரே வெள்ளை ஈதானா?

காரிடார் தோட்டம்:
சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, காரிடாரில் கத்தரித் தொட்டியும் மிளகாய்த் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டிலும் வெள்ளை ஈ. போனில் மாட்டுகிற லென்ஸில் இலைக்கு அடியில் பார்த்தால் பறப்பவை ஒரே மாதிரிதான், ஆனால் ஒட்டிக் கிடக்கும் குஞ்சுகள் கத்தரியில் முதுகில் நீள முடியும் கோணல்மாணல் ஓரமுமாக இருக்கின்றன, மிளகாயிலோ சீரான நீள்வட்டம், முடியே இல்லை. இரண்டு இனமா? இரண்டு மருந்து வாங்கணுமா?

பூச்சிப் பைத்தியம்:
ஒரே இனமாகத்தான் இருக்கும், தம்பி. குஞ்சு பொரிந்ததும் கொஞ்ச தூரம் ஊர்ந்து, ஊசிவாயைக் குத்தி உட்கார்ந்தால் இறக்கை வரும்வரை அநேகமாக அதே இடம்தான். கத்தரி இலை முழுக்கச் சுனை, அதாவது பொடி முடி, அதற்கு நடுவே இடித்துக்கொண்டு வளர்வதால் ஓரம் நெளிகிறது, முதுகு முடியும் சுனை இலையில்தான் நீளமாக வரும். 1889இல் கிரீஸ் புகையிலையில் பார்த்துப் பெயர் வைத்த பெமிசியா டபாசி என்ற வெள்ளை ஈ இனத்துக்கு, செடிக்குச் செடி உருவம் மாறியதால் ஆளாளுக்குப் புதுப் பெயர் சூட்டிவிட்டார்கள். 1957இல் ரஸ்ஸல் என்ற பூச்சி ஆய்வாளர் அதில் பலவற்றை ஒன்றாக்கினார், 1963இல் மவுண்ட் என்ற இன்னொரு ஆய்வாளர் உருவம் செடியைப் பொறுத்தது என்று காட்டினார்.

வெண்டைக்காய் அக்கா:
செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் இப்படித்தான். இளந்தளிரில் பருமனாகக் கரும்பச்சையில் இருக்கும், வெயிலில் ஒரே இலையில் நெருக்கியடித்தால் அதே இனம் மஞ்சளாகக் குள்ளமாகிவிடும். குள்ளம் போடும் குட்டியும் குறைவு. அதனால் உரத்தை அள்ளிக் கொட்டித் தளிர் விடவைத்தால் அசுவினிக்கு விருந்துதான், லா.

புளோக் கீழ்வீடு:
ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், இலைக்கு அடியில் வெள்ளை மெழுகு சுருள்சுருளாகக் கோலம் போட்டிருக்கிறதா? இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ, நிஜமாகவே வேறு இனம். இன்னொரு வேடிக்கை, பெமிசியாவிலேயே கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்து மரபணுவில் வேறான வகைகள் உண்டு, சிலது மருந்துக்கே அசையாது. அதனால் குஞ்சின் முடியைப் பார்த்து மருந்து வாங்குவது வீண். எதுவானாலும் முதலில் இலையைத் திருப்பித் தண்ணீர் பீய்ச்சுங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர், கத்தரிக்கு இரண்டு தரம், சுனைக்குள் சுலபமாக இறங்காது.

காரிடார் தோட்டம்:
மெழுகுச் சுருள் இல்லை. சரி, சோப்பிலிருந்து தொடங்குகிறேன்.