இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஃபெரிட்டினும் ஏறவில்லை

வணக்கம் தோழிகளே. எனக்கு வயது 38. ஹீமோகுளோபின் 12.2 இருப்பதால் ரத்தசோகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஃபெரிட்டின் வெறும் 9. அது 15க்குக் கீழே போனாலே உடம்பில் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. எந்நேரமும் ஐஸ் கட்டியைக் கடிக்கத் தோன்றுகிறது, இதுவும் இரும்புக் குறைவில் வருவதுதானாம். மாதவிடாயின் முதல் இரண்டு நாள் மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, தைராய்டும் சரி.

போன வருடக் கடைசியில் ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்பித்தேன். குமட்டல், கடும் மலச்சிக்கல். அப்புறம் ஃபெரஸ் ஃபுமரேட்டுக்கு மாற்றினார்கள், அதுவும் அப்படியே. சாப்பிட்ட பிறகு போட்டால் வயிறு தாங்குகிறது, ஆனால் சத்து சரியாகச் சேர்வதில்லை. டீ, காபியைத் தள்ளி வைத்து, வைட்டமின் சி-யோடு போட்டும் பார்த்தாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் ஃபெரிட்டின் 11, அவ்வளவுதான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரையா, நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதா என்று அடுத்த முறை டாக்டரிடம் பேசப் போகிறேன். இதே நிலையில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டில் எதில் ஃபெரிட்டின் ஏறியது?